உயிருடன் உள்ளவை

முத்தையன்கட்டு இடதுகரை.
காலை எட்டரைதான், அதற்குள் கிறவல் சுடுகிறது.
சைக்கிள் கரியரில் ஒரு கோப்பு,
கோப்புக்குள் நாற்பத்தொரு வீடு,
வீட்டுக்குப் பத்துக் கன்று.
போன மாரிக்கு முந்தின மாரியில் கொடுத்தவை.
எத்தனை நிற்கிறது,
எண்ணிக்கொண்டு வா என்கிறது கந்தோர்.

இனம். நட்ட திகதி. உயரம். நிலை.
நிலைக்கு இரண்டே சொல்:
உயிருடன். இல்லை.

பவளராணி வளவில் மா மூன்றும் இல்லை.
"பையோட நட்டுப்போட்டன்.
கிழிக்கவேணுமெண்டு ஆரும் சொல்லேல்லை."
கிண்டிப் பார்த்தோம்.
கறுத்தப் பொலித்தீனுக்குள்
வேர் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி
முடிச்சாகிக் கிடந்தது.
ஈரமண் ஒரு விரல் தூரத்தில்.
நான் சொல்லியிருந்தேன்தான்,
பேச்சுகள் முடிந்து
எல்லாரும் சோடா குடித்த நேரத்தில்.

புதுக் கிடங்கு வெட்டச் சொன்னேன்:
இரண்டடி. மேல்மண் ஒரு பக்கம்,
அடிமண் மறுபக்கம்,
மூடும்போது மேல்மண்தான் முதலில் உள்ளே.
கழுத்தை மட்டும் புதைக்கவேண்டாம்.
"அந்த மூலையில வெட்டமாட்டன்" என்றாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அதற்குக் கட்டமும் இல்லை.

குகநேசன் வீட்டுத் தென்னைகள் யானைக்குப் போயின.
நடுக்குருத்தை உருவித் தின்றுவிட்டு
பக்கத்துப் பயற்றம் பாத்தியை மிதிக்காமல்
வந்த வழியே திரும்பியிருக்கிறது.
"மரியாதை தெரிஞ்ச ஆள்" என்கிறான்.
தேக்கு ஏழும் நிற்கின்றன.
தேக்கை ஆர் தின்பார்.
ஒன்றை மட்டும் தடியோடு சேர்த்து
நைலோன் கயிற்றால் இறுக்கியிருந்தான்,
பட்டையில் கயிறு பள்ளம் விழுந்திருந்தது.
அவிழ்த்துவிட்டேன்.
சோளகத்தில் ஆடட்டும்,
ஆடினால்தான் அடி தடிக்கும்.

சிவசொரூபி ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவள்.
அவள் வளவுக்குள் போனதும் சிரித்துவிட்டேன்.
கன்றுக்கு ஒரு தடி,
தடிக்கு ஒரு வெறும் சேலைன் போத்தல்,
தலைகீழாக.
பலா, தோடை, கொய்யா, எல்லாம்
வரிசையாக வார்ட்டில் கிடக்கின்றன.
"நிமிசத்துக்கு ஆறு துளி மிஸ்.
அடியில இல்லை,
இலை நிழல் விழுகிற வட்டத்தில."
பத்துக்குப் பத்து.
கோழி கிளறாமல் அடியில் உமியும் சருகும் போட்டு
மேலே பழைய வலை.
அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை,
தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

நிரூபனிடம் வர மத்தியானம்.
பஸ்ஸில் நடத்துநன், இன்று லீவு.
பத்தும் இல்லை.
ஆடு, கறையான், பிறகு
அவன் ஓட்டம் போன ஆவணியில் வெயில்.
வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.
"பின்னால வாங்கோ" என்றான்.

கிணற்றடி தாண்டி, அலம்பல் வேலி,
ஒரு மனிதர் படுக்கிற அளவு அடைப்பு.
உள்ளே ஒரு சாண் உயரத்தில்
ஒரு செடி. ஒன்பது இலை.
குனிந்தேன். தடித்த இலை,
நுனியில் சின்னப் பிளவு.

பாலை.

குருவி போட்டது.
இரண்டு வருசத்தில் ஒரு சாண்.

எங்கள் தவறணையில் பாலை இல்லை.
நூறு விதை போட்டால் நாலு முளைக்கும்,
அதுவும் அதற்கு மனம் வந்தால்.
திட்டம் மூன்று வருசம்.
மூன்று வருசத்தில் பாலை
சோம்பல் முறித்து முடிக்காது.

"இது பழுக்க நீர் கிழவனாயிடுவீர்" என்றேன்.
"ஓம்."
"பிறகு ஆருக்கு?"
கொஞ்சம் யோசித்தான்.
"கரடிக்கும் வேணுமே."

படலையடியில் நின்று கோப்பை விரித்தேன்.
இனம் என்ற கட்டத்தில்
எலுமிச்சை என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.
வெட்டவில்லை.
உயரம்: ஒரு சாண்.
நிலை: உயிருடன்.
பேனை மை விட்டுவிட்டு எழுதியது,
இரண்டாம் தரம் அழுத்தி எழுதினேன்.